மேடையில் கிண்டல், பட்ஜெட்டில் கடைசி வரிசை: பெண்களுக்கான செலவை மட்டும் ஏன் ‘ஓசி’ என்கிறோம்?

#1 கரைவேட்டி இல்லாதவன்

2025 அக்டோபரில் அ.தி.மு.க. எம்.பி. சி.வி.சண்முகம் ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசினார். தேர்தல் வந்தால் மிக்சி, கிரைண்டர், ஆடு, மாடு என்று எதையெதையோ அறிவிப்பார்கள், ஆளுக்கொரு பொண்டாட்டியைக்கூட இலவசமாகத் தருகிறோம் என்று சொன்னாலும் சொல்வார்கள் என்ற பொருளில் போனது பேச்சு. தி.மு.க.வினர் கொதித்தார்கள். கொதிக்க வேண்டிய பேச்சுதான். (மிக்சி, கிரைண்டர், ஆடு, மாடு எல்லாம் 2011க்குப் பிறகு அவருடைய கட்சியே கொடுத்தவை என்பது வேறு கதை.)

ஆனால் 2022இல் தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி, கட்டணமில்லாப் பேருந்தைப் பற்றிப் பேசும்போது எதிரே உட்கார்ந்திருந்த பெண்களிடம் ‘ஓசியில்தானே போகிறீர்கள்’ என்ற தொனியில் கேட்டதும் யாருக்கும் மறந்திருக்காது. இருவரும் விழுப்புரம் மாவட்ட அரசியலில் பல வருஷமாக எதிரெதிரே நிற்பவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

என் கேள்வி இதுதான். பெண்களை மட்டம்தட்டும் பிரசாரப் பேச்சை ஒரு பிரச்சினையாகவும், அரசுப் பணம் எதற்குப் போகிறது என்பதை வேறொரு பிரச்சினையாகவும் பார்க்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகப் படுகிறது. பெண் என்றால் வாங்கிக்கொள்பவள், கொடுப்பது நாங்கள் என்ற எண்ணம். வரி கட்டுபவர், வாக்காளர், முடிவெடுப்பவர் என்ற எண்ணமே அங்கே இல்லை. 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகம். ஜெயித்து சட்டமன்றத்துக்குள் போன பெண்கள் 234 பேரில் 12 பேர்.

உங்கள் கருத்து என்ன? கட்சிச் சண்டை வேண்டாம்.

#2 நியாயம்கேட்பவன்

கட்சிச் சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கட்சியையும் இழுத்துவிட்டீர்கள். பரவாயில்லை.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடையில் கேவலமாகப் பேசுவது பண்பாட்டுக் குறை. அதைக் கண்டிக்க வேண்டும், தண்டிக்கவும் வேண்டும். ஆனால் இலவசத் திட்டங்களைக் கேள்வி கேட்பது நிதி நிர்வாகம் பற்றிய பேச்சு. இரண்டையும் முடிச்சுப் போட்டால், நாளைக்கு யாராவது ‘மகளிர் உரிமைத் தொகைக்கு வருஷம் இவ்வளவு செலவு செய்கிறோமே’ என்று கேட்டாலே பெண் வெறுப்பாளர் என்று முத்திரை குத்திவிடுவீர்கள்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி ரூபாய். மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. கேட்கக்கூடாதா?

#3 வரவுசெலவு

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எல்லாச் செலவையும் ஒரே குரலில் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி.

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கு வந்தது, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. நான் அதற்கு எதிரி இல்லை, என் அண்ணன் வீட்டு மோட்டாரே அதில்தான் ஓடுகிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு அமைச்சராவது மேடையில் நின்று, எதிரே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் விவசாயிகளைப் பார்த்து ‘ஓசி கரண்ட்தானே’ என்று கேட்டிருக்கிறாரா? கேட்டுவிட்டு ஊர் திரும்ப முடியுமா?

மத்திய அரசு 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. அதனால் ஒரு வருஷத்துக்கு இழக்கும் வருவாய் 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அன்றைக்கு அரசே சொன்னது. அதை ‘ஊக்குவிப்பு’ என்றார்கள். 2022 ஜூலையில் பிரதமர் ‘ரேவடி’ (இலவசப் பண்டம்) அரசியல் என்று கண்டித்தது இதை அல்ல.

ஆக, நிதிநிலை பற்றிய கவலை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கவலை யாருடைய பெயரைச் சொல்லும்போது ஏளனமாக மாறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். வாங்குபவர் பெண்ணாக இருந்தால்தான் சிரிப்பு வருகிறது.

அப்புறம் ஒரு தகவல். கட்டணமில்லாப் பேருந்து பற்றி மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் வீட்டுக்குத்தான். அதாவது கிண்டல் செய்பவரின் வீட்டுக்கும்.

#4 வெள்ளைப்பலகை

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், தினமும் பெண்களுக்குக் கட்டணமில்லாத வெள்ளைப் பலகை நகரப் பேருந்தில் போகிறவள்.

‘ஓசி’ என்ற சொல் மேடையில் ஒருமுறை வந்ததுதான் செய்தியாகிறது. எங்களுக்கு அது தினசரி. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில ஓட்டுநர்கள் இருபதடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கூடையோடு ஓட வேண்டும். ஏறியபின் நடத்துனர் பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கையில் தருகிற விதம் இருக்கிறதே, பத்து ரூபாய் கொடுத்து வாங்குகிற ஆணிடம் அப்படித் தர மாட்டார். ‘உள்ளே போம்மா, சும்மாதானே வர்றீங்க’ என்பார். எங்கள் வண்டியில் ஒரு பாட்டி ஒருநாள் பத்து ரூபாயை நீட்டி, ‘எனக்கு டிக்கெட் குடு, ஒழுங்காப் பேசு’ என்றார். நடத்துனர் வாங்க முடியாது, இயந்திரத்தில் பெண்ணுக்கு வழியில்லை. பாட்டி ரூபாயை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, இறங்கும்வரை அவரை முறைத்துக்கொண்டே வந்தார்.

எல்லா நடத்துனரும் அப்படி இல்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம். அரசு அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. 2025-26க்கு 3,600 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, நான் சும்மா வரவில்லை. எனக்கான கட்டணத்தை வேறு பையிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்கள். அந்தப் பையில் நான் வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் கட்டிய வரியும் இருக்கிறது.

#5 மைக்செட்காரன்

நான் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். எல்லாக் கட்சிக்கும் கட்டியிருக்கிறேன், அதனால் யாரைப் பற்றியும் தனியாகச் சொல்லப்போவதில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சிலது தெரியும், சொல்கிறேன்.

பெரிய தலைவர்கள் பேசுவதுதான் டிவியில் வரும். அவர்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். ஆறு மணியிலிருந்து கூட்டத்தைக் கட்டிப் போடுவது தலைமைக் கழகப் பேச்சாளர்கள், உள்ளூர் பேச்சாளர்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். வேன் வைத்துக் கூட்டி வந்த பெண்கள் முன்வரிசை நாற்காலியில் இருப்பார்கள். பேச்சாளர் முதலில் ‘தாய்மார்களே’ என்று ஒரு கும்பிடு போடுவார். பத்தாவது நிமிஷம் எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டுப் பெண்களைப் பற்றிப் போய்விடுவார். பின்வரிசையில் விசில் கிளம்பும். விசில் வந்தால் விடுவாரா? அதே ரகத்தில் இன்னும் இரண்டு. முன்வரிசையில் சில அக்காக்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிலர் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பார்கள், சிலர் பக்கத்தில் குழந்தைக்கு ஏதோ ஊட்டுவதுபோல் திரும்பிக்கொள்வார்கள்.

ஒருமுறை ஒரு பேச்சாளரிடம் கீழே இறங்கியதும் கேட்டேன், ‘ஏண்ணே, முன்னால எல்லாம் பொம்பளைங்கதானே உக்காந்திருக்காங்க’ என்று. ‘அவங்க ஓட்டு திட்டத்துக்கு விழுந்துரும் தம்பி, நான் பேசுறது பின்னால நிக்கிறவனுக்கு’ என்றார். மனிதர் கோபப்படக்கூட இல்லை. கணக்காகத்தான் சொன்னார்.

#6 கரைவேட்டி இல்லாதவன்

மைக்செட்காரரே, இந்த இழை தொடங்கியதற்கு இந்த ஒரு பதிவே போதும். ‘அவங்க ஓட்டு திட்டத்துக்கு விழுந்துரும்.’ நான் சொல்ல நினைத்ததை அந்தப் பேச்சாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பணம் முன்வரிசைக்கு, மரியாதை பின்வரிசைக்கு.

#7 நியாயம்கேட்பவன்

சரி, மேடையில் இப்படி நடக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. தேர்தல் ஆணையம் எதற்கு இருக்கிறது? 2021இல் ஆ.ராசா அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் தாயை இழுத்துப் பேசியபோது 48 மணி நேரம் பிரசாரம் செய்யக்கூடாது என்று தடை போட்டார்களே. சட்டம் வேலை செய்கிறது. அரசுச் செலவை இதற்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

#8 நிலாமதி

வழக்கறிஞர் என்பதால் இதில் குறுக்கே வருகிறேன்.

தேர்தல் நடத்தை விதிகளின் முதல் பகுதியே எதிர்க்கட்சியை விமர்சிப்பதென்றால் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது என்கிறது. ஆனால் அந்த விதிகள் தனியாக ஒரு சட்டம் அல்ல. மீறினால் ஆணையம் என்ன செய்யும்? நோட்டீஸ், கண்டிப்பு, சில மணி நேரத் தடை.

பட்டியலைப் பாருங்கள், எந்தக் கட்சியும் விட்டுப்போகவில்லை. 2019இல் ஜெயப்பிரதாவைப் பற்றிப் பேசிய சமாஜ்வாதியின் ஆசம் கானுக்கு 72 மணி நேரம். 2024இல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம். அதே தேர்தலில் மம்தா பானர்ஜியைப் பற்றிப் பேசிய பா.ஜ.க. வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம். இவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்! தடை முடிந்ததும் போய் மறுபடி ஓட்டுக் கேட்கலாம். ஆசம் கான் அந்தத் தேர்தலில் ஜெயப்பிரதாவைத் தோற்கடித்தார். கங்கோபாத்யாயும் ஜெயித்தார்.

கொஞ்சமாவது வலிக்கிற தண்டனை எது தெரியுமா? செலவுக் கணக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரை நட்சத்திரப் பேச்சாளர்களாகக் காட்டலாம். கட்சியின் கொள்கையைப் பரப்ப அவர்கள் ஊர் ஊராகப் போகிற பயணச் செலவு எந்த வேட்பாளர் கணக்கிலும் ஏறாது. அந்தப் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுத்துவிட்டால், அவர் வந்து இறங்குகிற செலவு முழுக்க வேட்பாளர் தலையில். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம்தானே, அதில் ஒரு ஹெலிகாப்டர் வாடகையைச் சேர்த்துப் பாருங்கள். ராசாவின் பெயரையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

2020இல் மத்தியப் பிரதேச இடைத்தேர்தலில் பெண் அமைச்சர் இமர்தி தேவியைக் காங்கிரஸின் கமல்நாத் ‘ஐட்டம்’ என்றது உள்பட விதிகளைத் திரும்பத் திரும்ப மீறியதற்கும் ஆணையம் இதையேதான் செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் யார் என்று முடிவு செய்ய ஆணையத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று கேட்டது. இருந்த ஒரே பல்லும் ஆடிவிட்டது.

கிரிமினல் சட்டம் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா 79ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை. தேர்தல் நேரத்தில் போட்ட எத்தனை வழக்குகளை ஆட்சிக்கு வந்த பிறகு யாரும் தொடர்கிறார்கள்? நீதிமன்ற வராந்தாவில் நிற்பவளாகச் சொல்கிறேன், என் அனுபவத்தில் பார்த்தது சொற்பம்.

#9 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் ஒரு கட்சித் தலைவரின் வீட்டுப் பெண்களைப் பற்றிய கிண்டல் இருந்தது. இழையின் தலைப்பை வாசித்துவிட்டுப் பதிவிடவும்.

#10 வரவுசெலவு

மட்டுறுத்துநருக்கு நன்றி. இந்த இழையிலேயே நடக்கிறது பாருங்கள்.

#11 தாமிரபரணி

ஊராட்சி வார்டு உறுப்பினராக ஒரு தவணை இருந்தவள் நான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தை யாரும் தொடவில்லை.

திட்டத்தைக் கிண்டல் செய்கிறவர்களை விட்டுவிடுவோம். திட்டம் தருகிறவர்கள் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள்? உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது நல்ல விஷயம். வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிற வேலைக்கான அங்கீகாரம் என்றும் சொன்னார்கள். சரி, கணக்குப் போடுவோம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் அதற்கு நாளுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிஷம். மாதத்துக்கு 144 மணி நேரம் வருகிறது. மாத உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய் வரவில்லை. இதில் குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் சேரவே இல்லை, அது தனிக் கணக்கு.

ஆயிரம் ரூபாய் வேண்டாம் என்று சொல்கிறேனா? சத்தியமாக இல்லை. என் கொழுந்தியா அந்தப் பணம் வந்தபிறகுதான் முதல்முறையாக யாரையும் கேட்காமல் கண்ணாடி மாற்றிக்கொண்டாள். 2023 செப்டம்பரில் ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்குப் போனது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்களைக் கேட்டு முடிவு செய்தார்களா என்றால், இல்லை. அங்கன்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரம் மையங்களுக்கு மேல். நாடு முழுக்க அதை நடத்துவது பெண்கள். அவர்களுக்கு மத்திய அரசு கொடுப்பது மதிப்பூதியம். பணிக்கொடைக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல்தான் தீர்ப்பு வாங்கினார்கள். ஒரு மையம் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டால் எங்கள் ஊரில் எத்தனை பேர் வேலைக்குப் போவார்கள் தெரியுமா? எந்தப் பிரசார மேடையிலாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்க மாட்டீர்கள். ஏனென்றால் அதற்கு ஆள் போட வேண்டும், சம்பளம் போட வேண்டும், வருஷா வருஷம் நடத்த வேண்டும்.

#12 நியாயம்கேட்பவன்

தாமிரபரணி அக்கா, உங்கள் அங்கன்வாடி வாதத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். சொல்லப்போனால் என் வாதமும் அதுதான். 13,807 கோடியை ரொக்கமாகப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதில் அங்கன்வாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டிருந்தால்?

அடுத்தது. பெண்கள் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறீர்கள். ஜெயலலிதா பலமுறை முதல்வராக இருந்தார். டாஸ்மாக் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தது அவர் ஆட்சியில், 2003இல். 2024-25இல் அதில் வந்த வருவாய் 48 ஆயிரம் கோடிக்கு மேல். ஆண் ஆண்டாலும் பெண் ஆண்டாலும் புருஷன் பையிலிருந்து எடுத்து பொண்டாட்டி கணக்கில் போடுகிற கதைதான்.

#13 வரவுசெலவு

ரொக்கமா சேவையா என்பது நல்ல விவாதம், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரொக்கத்தை நிறுத்தினால் அந்தப் பணம் அங்கன்வாடிக்குப் போகும் என்று யார் சொன்னது? முப்பது வருஷம் பட்ஜெட் தாள்களைப் புரட்டியவன் சொல்கிறேன், மிச்சம்பிடித்த பணம் மேம்பாலத்துக்குப் போகும்.

ஜெயலலிதா பற்றி. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவருக்கு நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். யார் என்ன செய்தார்கள் என்பதில் இன்றுவரை இரண்டு கதை. சேலை கிழிந்த நிலையில் வெளியே வந்தார் என்பதில் இரண்டு கதை இல்லை. அவருடைய ஆட்சியில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமும் வந்தது, மகளிர் காவல் நிலையங்களும் வந்தன. 2003இல் டாஸ்மாக்கும் வந்தது. ஒரு பெண் உச்சியில் உட்கார்ந்திருப்பதும், கீழே நூறு பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதும் வேறு வேறு.

அதற்கு ஒரு ஆய்வே உண்டு. ரகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டூஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளைப் பார்த்தார்கள், 2004இல் வெளியானது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடான ஊராட்சிகளைச் சுழற்சி முறையில் தேர்வு செய்வதால், ஒப்பிட வசதியாகப் போயிற்று. இரண்டு மாநிலத்திலும் பெண்கள் தலைமையில் குடிநீருக்குச் செலவு கூடியது. சாலையில்தான் வேடிக்கை. வங்கத்தில் சாலைச் செலவும் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது. காரணம், வங்கத்தில் சாலை வேலைக்குக் கூலிக்குப் போவது பெண்களும்தான், அவர்கள் சாலை கேட்டார்கள். ராஜஸ்தானில் சாலை கேட்டது ஆண்கள். அந்தந்த ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டு மனு கொடுத்தார்களோ அதன் பக்கம் பணம் நகர்ந்தது. பெண்களுக்கு இரக்க குணம் அதிகம் என்ற பழைய பல்லவி இதில் இல்லை.

#14 வரவுசெலவு

இன்னொன்று, இது மத்திய அரசு சமாச்சாரம். 2005-06லிருந்து பட்ஜெட்டோடு பாலின பட்ஜெட் அறிக்கை என்று ஒன்று வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டம் என்றால் ‘அ’ பகுதி, முப்பது சதவீதத்துக்கு மேல் என்றால் ‘ஆ’. 2025-26இல் மொத்த பட்ஜெட்டில் 8.86 சதவீதம் பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தை முழுக்கப் பெண்களுக்கான செலவாகவே காட்டி வந்திருக்கிறார்கள். வீடு பெண் பெயரில் பதிவாகிறதாம். அப்படியானால் அந்த வீட்டுக்குள் ஆண்கள் குடியிருப்பதில்லை போல.

‘பெண் குழந்தையைக் காப்போம், படிக்கவைப்போம்’ திட்டத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2021இல் ஆராய்ந்தது. 2016 முதல் 2019 வரை விடுவித்த சுமார் 447 கோடியில் 78.91 சதவீதம் ஊடக விளம்பரத்துக்கே போயிருந்தது. மேடையில் பெண்ணைப் போற்றுவதற்கு ஆகிற செலவுக்கும் பெண்ணுக்கான செலவு என்றே கணக்கு எழுதிவிட்டார்கள். ‘ஓசி’ என்று திட்டுகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்படி வாழ்த்துகிறவரைக் கண்டுபிடிக்க நிலைக்குழு அறிக்கை படிக்க வேண்டியிருக்கிறது.

#15 வெள்ளைப்பலகை

மேடையில் அங்கன்வாடியைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்டால் ஓட்டு விழாது என்பார்கள். பெண் வேட்பாளரை நிறுத்தினாலும் ஓட்டு விழாது என்றுதான் சொல்கிறார்கள். 2021இல் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, சரிபாதி. ஒருவரும் ஜெயிக்கவில்லை என்று இதற்கு உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கட்சியில் நின்ற 117 ஆண்களும்தான் ஜெயிக்கவில்லை! அதைச் சொல்லி இனி ஆண்களை நிறுத்தாதீர்கள் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

#16 நியாயம்கேட்பவன்

ஹா ஹா, இது நல்ல பதில். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 33 சதவீத ஒதுக்கீட்டுக்குத்தான் 2023இல் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்களே. 106ஆவது திருத்தம். அது நடைமுறைக்கு வந்தால் நீங்கள் கேட்கிற மேசை தானாகவே நிரம்பும்.

#17 நிலாமதி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, அதன்பின் தொகுதி மறுவரையறை முடிந்து, அதற்கப்புறம் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தேதி கிடையாது. அந்த மசோதா நிறைவேறிய மறு வருஷமே வந்த 2024 தேர்தலில் பா.ஜ.க.வோ காங்கிரஸோ தானாக முன்வந்து மூன்றில் ஒரு பங்கு கொடுக்கவில்லை. 2019இல் 78 பெண் எம்.பி.க்கள் இருந்தார்கள், 2024இல் 74.

#18 தாமிரபரணி

டில்லியை விடுங்கள். நியாயம்கேட்பவன் தம்பி, உங்களுக்கு உள்ளூர்க் கதை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். அதே வருஷம் நடக்க வேண்டிய தேர்தல் நின்றது. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. நான் அதில்தான் வந்தேன். எங்கள் தலைவரும் பெண். முதல் ஆறு மாதம் அவர் வீட்டுக்காரர்தான் கூட்டத்துக்கு வருவார், தலைவர் நாற்காலியிலேயே உட்காருவார். கிளார்க் அவரிடம்தான் தாளை நீட்டுவார். தலைவரம்மா சுவரோரம் ஸ்டூலில். ஒருநாள் காசோலையில் கையெழுத்து வேண்டியிருந்தது, வீட்டுக்காரர் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்து ‘இங்க போடு’ என்றார். அந்த அம்மா தாளைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, அறையில் ஒரு சத்தமில்லை. ‘இது எந்த வேலைக்கு? வேலை முடிஞ்சிருச்சா? நான் பாக்கலையே’ என்றார். அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டத்தில் வீட்டுக்காரருக்கு நாற்காலி போடவில்லை, கிளார்க்கே பார்த்துக்கொண்டார்.

அந்த ஐந்து வருஷத்தில் பெண்கள் கிராம சபையில் கேட்டது என்ன? குளத்துப் பாதைக்குத் தெருவிளக்கு, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை, மேட்டுத்தெருவுக்குக் குழாய். ஆண்கள் கேட்டது சமுதாயக்கூடத்துக்கு முன்னால் வளைவு. வளைவு வேண்டாம் என்று ஓட்டெடுத்தபோது எங்களைப் பார்த்து ஒருவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் விளக்கு எரிகிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரியில் எங்கள் காலம் முடிந்தது. உடனே தேர்தல் இல்லை. மறுபடி தனி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் கையில் ஊராட்சி. அந்த 27 மாவட்டங்களில் சட்டப்படி பாதி இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம். இதைப் பற்றி எந்த மேடையிலும் பெரிதாகச் சத்தம் வரவில்லை. ஆளுங்கட்சி பேசவில்லை என்றால் புரிகிறது. எதிர்க்கட்சியும் அதைப் பெண்கள் பிரச்சினையாக எடுக்கவில்லை. எங்களுக்கு எத்தனை ரூபாய் தருவது என்பதில் எல்லோருக்கும் போட்டி. நாங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்பதில் ஒருவருக்கும் அவசரம் இல்லை.

#19 நியாயம்கேட்பவன்

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை அக்கா. ரொக்கத் திட்டங்கள் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தேர்தல் வாக்குறுதியில் ‘ஆறு மாதத்தில் ஊராட்சித் தேர்தல்’ என்று ஒரு கட்சியாவது எழுதினால், ரூபாயைக் கூட்டிச் சொல்கிற கட்சியைவிட அதற்குத்தான் என் ஓட்டு. அதற்கு பட்ஜெட்டில் பெரிய செலவும் இல்லை.

தனி அலுவலர் இருக்கும்போது கிராம சபை நடக்கிறதா?

#20 தாமிரபரணி

நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு. முன்னால் உறுப்பினர் என்பதால் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். முன்பு பெண்கள் நிறைய வருவார்கள், இப்போது நூறு நாள் வேலை அட்டைக்காக வருகிறவர்கள்தான் அதிகம். வளைவு மறுபடி தீர்மானத்தில் ஏறியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஒரு இருபது பேராவது போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

#21 மைக்செட்காரன்

வளைவுத் திறப்பு விழாவுக்கு மைக் கட்ட வரமாட்டேன் அக்கா, இப்போதே சொல்லிவிடுகிறேன். கிராம சபைக்கு ஒரு பாக்ஸும் இரண்டு மைக்கும் போதும்தானே? ஒன்றைப் பெண்கள் பக்கம் வைத்துவிடச் சொல்லுங்கள், கம்பியில்லாததாகவே அனுப்புகிறேன்.